கடலில் மறைந்த கப்பல்களும் கரையில் பூத்த செடியும்

தாவரவியல் படித்தவர்களுக்கு ஹெர்பேரியம் என்றதும் செய்தித்தாளுக்கு நடுவே செடியை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி அழுத்திய நாட்கள் நினைவுக்கு வரும். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வேலைதானே என்று பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அப்படிக் காய்ந்த செடிகளுக்குப் பின்னால் பெரிய கதைகள் உண்டு. அப்ரோனியாவின் கதை அவற்றில் ஒன்று.

மேற்கு அமெரிக்காவின் கடற்கரை மணலிலும் பாலைவனத்திலும் படர்ந்து வளரும் சிறு செடி இது. ஆங்கிலத்தில் மணல் வெர்பினா என்பார்கள். உண்மையில் இது வெர்பினாவே அல்ல. நம் ஊர் அந்திமந்தாரை, மூக்கிரட்டை, காகிதப்பூ ஆகியவற்றின் குடும்பம்.

1785-ல் பிரான்சிலிருந்து லா பெரூஸ் தலைமையில் இரண்டு கப்பல்கள் உலகைச் சுற்றக் கிளம்பின. ஏறத்தாழ 220 பேர். அவர்களில் ஒருவர் பாரிஸ் அரச தோட்டத்தின் தோட்டக்காரர் கொலின்யோன். 1786 செப்டம்பரில் கப்பல்கள் கலிபோர்னியாவின் மான்ட்டரேயில் பத்து நாட்கள் நின்றன. அங்கிருந்த பாதிரிமார்களுக்கு சிலியிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கைக் கொடுத்தார்கள். கொலின்யோன் கரையில் செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். அவற்றில் இளஞ்சிவப்புப் பூ கொத்தாகப் பூக்கும் ஒரு செடியின் விதையும் இருந்தது.

விதைகள் வழியிலிருந்தே பாரிசுக்கு அனுப்பப்பட்டன. கப்பல்கள் திரும்பவே இல்லை. 1788 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை விட்டுப் புறப்பட்டவை, பசிபிக்கில் வனிக்கோரோ தீவருகே பவளப்பாறையில் மோதி நொறுங்கின. இது உலகத்துக்குத் தெரியவே சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயிற்று. கொலின்யோனும் வீடு திரும்பவில்லை.

ஆனால் அவருடைய விதை பாரிஸ் தோட்டத்தில் முளைத்துப் பூத்தது! பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே 1789-ல் ஜுசியூ அதற்கு அப்ரோனியா என்று பேரினப் பெயர் வைத்தார். மென்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிறகு லமார்க் அதை அப்ரோனியா அம்பெல்லேட்டா என்று விவரித்தார். ஆம், பாடப்புத்தகத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வரும் அதே லமார்க்தான். கலிபோர்னியாவில் சேகரிக்கப்பட்டு அறிவியல் பெயர் பெற்ற முதல் பூச்செடி இதுதான் என்கிறார்கள்.

இந்தச் செடிகளின் உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. அதனால் மணல் ஒட்டிக்கொள்ளும். அழுத்திக் காயவைத்தாலும் கொஞ்சம் மணல் தாளோடு வந்துவிடும். அந்த மணல் வீணாக ஒட்டவில்லை. மஞ்சள் பூ பூக்கும் இனத்தில் மணலைத் துடைத்துவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. துடைத்த செடிகளைப் பூச்சிகள் அதிகம் தின்றிருந்தன.

பாலைவனத்தில் வளரும் அப்ரோனியா வில்லோசாவின் விதைகள் மழைக்காகக் காத்துக் கிடக்கும். நல்ல மழை பெய்த அடுத்த வசந்தத்தில் தரையே ஊதாவாக மாறும். மழை பொய்த்தால் அதே இடத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆகவே ஏட்டில் ஒரு செடி இருந்தால் அது அங்கே இருந்ததற்குச் சாட்சி. ஏட்டில் இல்லை என்பதற்காக அங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

கடற்கரையில் வேறு சிக்கல். மணல்மேடுகளைக் கட்டிப்போட 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மணற்புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அசையும் மணலில் வாழப் பழகிய அப்ரோனியாவுக்கு இடமில்லாமல் போயிற்று. கட்டடங்களும் மனிதக் காலடிகளும் மீதியைப் பார்த்துக்கொண்டன. எங்கிருந்தெல்லாம் மறைந்தது என்பதை இன்று சொல்வது பழைய ஹெர்பேரியம் தாள்களில் உள்ள ஊர்ப்பெயரும் தேதியும்தான்.

கொலின்யோன் எடுத்த இனத்தின் வடக்குக் கிளையினம் கனடாவின் வான்கூவர் தீவில் அழிந்தேவிட்டதாகக் கருதினார்கள். 2000-ல் அதே தீவின் மேற்குக் கரையில் ஒரு சில செடிகள் மணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. பின்னர் அந்தக் கிளையினத்தின் நாற்றுகளை வளர்த்து, தேசியப் பூங்காவின் மணலில் மீண்டும் நட்டார்கள்.