பெண் துறவியர் தலைமைப் பேரவை (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கத்தோலிக்கப் பெண் துறவற சபைகளின் தலைவியர் ஒன்றுகூடும் தேசிய அமைப்பு, பெண் துறவியர் தலைமைப் பேரவை. 1956-இல் தொடங்கப்பட்ட இதன் அலுவலகம் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் உள்ளது. எந்தச் சபைக்கும் கட்டளையிடும் அதிகாரம் இதற்கு இல்லை. பள்ளி, மருத்துவமனை எதையும் இது நடத்துவதுமில்லை. அவற்றை நடத்தும் சபைகளின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் கலந்துபேசும் இடம் இது.

இப்படியோர் அமைப்பு வேண்டுமென்று கேட்டது உரோமைதான். துறவற சபைத் தலைவர்கள் நாடுதோறும் கூடிச் செயல்பட வேண்டுமென்பது திருத்தந்தை 12ஆம் பயஸின் விருப்பம். அமெரிக்காவில் அதற்கு நிலம் பண்பட்டிருந்தது. பங்குப் பள்ளிகளில் மாணவர் பெருகிய அந்நாட்களில் இளம் சகோதரிகள் பட்டப்படிப்பை முடிக்காமலே பாடம் நடத்த அனுப்பப்பட்டனர். கோடை விடுமுறைகளில் படித்துப் பட்டம் வாங்குவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். இதை மாற்ற 1954-இல் எழுந்த சகோதரிகள் பயிற்சி இயக்கம், அதுவரை தனித்தனியே இயங்கிய சபைகளை ஒன்றோடொன்று பேசவைத்தது. பின்னாளில் திருச்சபைத் தலைமையைக் கேள்வி கேட்ட தலைமுறையை உருவாக்கியது இந்த இயக்கம் தந்த படிப்புதான் என்று சொல்லலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது பேரவையின் தலைவியாக இருந்தவர் லொரேட்டோ சபையின் அருட்சகோதரி மேரி லூக் டோபின். 1964-இல் உரோமைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், சங்கத்தில் பார்வையாளராக அமரத் தமக்கு அழைப்பு வந்திருப்பதை அறிந்தார். பொது அமர்வுகளில் பெண்கள் கேட்கலாம், பேச முடியாது. துறவற வாழ்வில் சங்கம் கேட்ட புதுப்பித்தலைப் பேரவை மெய்யாகவே எடுத்துக்கொண்டது. சமூகவியலாளரான அருட்சகோதரி மரீ அகஸ்டா நீல் தலைமையில் 1967-இல் நடந்த கணக்கெடுப்புக்கு 1,30,000-க்கும் மேற்பட்ட சகோதரிகள் பதிலளித்தனர். பெண் துறவியரின் எண்ணத்தை இந்த அளவில் கேட்டறிந்த முயற்சி வேறு எதுவும் அன்று இல்லை.

1971-இல் பேரவை தன் பழைய பெயரிலிருந்த ‘மேலதிகாரிகள்’ என்ற சொல்லைக் கைவிட்டு இன்றைய பெயரைச் சூடிக்கொண்டது. துறவற உடையையும் மடத்து ஒழுங்கையும் விடக்கூடாது என்ற தலைவியர் சிலர் அக்காலத்திலேயே விலகி நின்றனர். அவர்கள் வழிவந்த தனிப் பேரவைக்குத் திருப்பீடம் 1992-இல் ஒப்புதல் அளித்தது. அளவில் அது சிறியது.

1979 அக்டோபரில் வாஷிங்டன் அமலோற்பவ அன்னை தேசியத் திருத்தலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலை வரவேற்றுப் பேசிய பேரவைத் தலைவி தெரசா கேன், திருச்சபையின் எல்லாப் பணிகளும் பெண்களுக்குத் திறந்திருக்க வேண்டுமென்று அவர் முன்னிலையிலேயே கேட்டார். வரவேற்புரையில் யாரும் எதிர்பாராத வேண்டுகோள் அது. குருத்துவமும் அதில் அடங்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

2012 ஏப்ரலில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பேரவையின் மாநாட்டு உரைகளிலும் வெளியீடுகளிலும் கோட்பாட்டுப் பிழைகள் உள்ளன என்று அறிவித்து, சியாட்டில் பேராயர் பீட்டர் சார்ட்டெய்னிடம் ஐந்தாண்டு மேற்பார்வையை ஒப்படைத்தது. வறியோருக்கான பணியை அது பாராட்டியது; கருக்கலைப்பு எதிர்ப்பில் மௌனம் காப்பதாகவும் தீவிரப் பெண்ணியக் கருத்துகளுக்கு இடமளிப்பதாகவும் குறை கூறியது. பொதுநிலையினர் பல நகரங்களில் சகோதரிகளுக்கு ஆதரவாகத் திரண்டு செபித்தனர். தலைவியர் வீதிக்கு வரவில்லை; பேச்சுவார்த்தையையே தேர்ந்தனர். திருத்தப்பட்ட விதிமுறைகளோடு 2015 ஏப்ரல் 16-இல், கெடுவுக்கு முன்பே, விவகாரம் முடிந்தது. அன்றே திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைச் சந்தித்தார்.

பேரவையின் தலைவி, அடுத்த தலைவி, முன்னாள் தலைவி ஆகிய மூவரும் சேர்ந்தே பொறுப்பு வகிக்கின்றனர். பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம்.

இன்று பேரவையை அழுத்துவது முதுமை. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 1,80,000-ஆக இருந்த அமெரிக்கச் சகோதரிகளின் எண்ணிக்கை இப்போது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சொற்பப் படித்தொகைக்கு உழைத்தவர்களிடம் சேமிப்பு இல்லை; 1972 சட்டத்துக்கு முன் அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்திலும் அவர்கள் சேர வழியில்லை. 1988 முதல் பங்குக் கோயில்களில் ஆண்டுதோறும் முதிய துறவியருக்கென உண்டியல் எடுக்கப்படுகிறது. புதிதாக யாரும் சேராத சபைகள் தங்கள் மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் பொதுநிலையினர் நிர்வாகத்திடம் ஒப்படைத்து வருகின்றன.