நோட்டும் யமுனாகல்யாணியும்

இரண்டு தேசத்து சங்கீதத்தைக் கலந்து வாசிக்கிறவர்கள், தங்களுக்கு முன்னோடி வேண்டுமென்றால் முத்துஸ்வாமி தீக்ஷிதரைத்தான் இழுக்கிறார்கள். சாட்சி, அவருடைய நோட்டு ஸ்வர சாஹித்யங்கள். சாட்சி பொருத்தமானதுதானா என்று பார்க்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீக்ஷிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்தது. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு. அங்கே கேட்ட சுமார் 40 மெட்டுகளுக்கு தீக்ஷிதர் ஸம்ஸ்கிருதத்தில் சொல் போட்டார். 'காட் ஸேவ் த கிங்' மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம்' வந்தது. ராஜா இருந்த இடத்தில் ச்யாமளா. மாலோ என்ற ஐரிஷ் ஊரின் குடிகார வாலிபர்களைப் பற்றிய நாட்டு மெட்டுக்கு மதுரை மீனாக்ஷி வந்தாள். விளையாட்டுதான், ரசமான விளையாட்டு. ஆனால் மெட்டு இம்மியும் அசையவில்லை. ஸ்வரங்கள் சங்கராபரணத்தினுடையவை, சங்கராபரண ராகம் அங்கே இல்லை. கமகமும் இல்லை. சொல் நம்முடையது, சங்கீதம் அவர்களுடையது. இதைப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது என்று சொல்லலாம். சம்பந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்பந்தத்தைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவுக்கு நடந்தால் போதும். பஞ்சபூத ஸ்தலங்களில் அப்பு ஸ்தலம். அதற்கு தீக்ஷிதர் செய்த 'ஜம்பூபதே' யமுனாகல்யாணியில் இருக்கிறது. சிதம்பரநாத யோகியுடன் அவர் காசியில் சில வருஷம் இருந்தவர்; வடக்கத்தி யமன் காதில் ஊறியிருந்தது. இந்தக் கிருதியின் விளம்ப நடையில் யமன் எங்கே முடிகிறது, நம் கல்யாணி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பாட்டுக்குள்ளேயே கங்கை, காவேரி, யமுனை மூன்றும் வருகின்றன. தற்செயல் என்று நான் நம்பவில்லை. 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யை வெளியிட்ட சுப்பராம தீக்ஷிதர், இத்தகைய கிருதிகளை எழுத்தில் பிடிக்கக் கமகங்களுக்குத் தனிக் குறிகளே வைக்க வேண்டியிருந்தது. நோட்டுகளுக்கு வெள்ளைக்காரனின் ஐந்து கோடே போதும்.

கோட்டையிலிருந்து வந்து நிஜமாகவே நம்முடையதாகிவிட்டது ஒன்று உண்டு: பிடில். தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி (1786-1859) அதை ஐரோப்பியரிடம்தான் கற்றார். ஆனால் இங்கே அது மோவாய்க்குக் கீழிருந்து இறங்கி, சப்பணமிட்ட காலில் தலையை வைத்துக்கொண்டது. தந்திகள் ஸ, ப, ஸ, ப என்று மாறின. வாத்தியத்தைத் தாங்கும் வேலை போனதால் இடது கை வழுக்கி ஓடலாயிற்று, கமகம் பேசிற்று. (கலப்பு என்று மேடை போடுகிறவர்கள் இந்த உட்காரும் விஷயத்தைக் கவனிப்பதில்லை.) நூறு வருஷத்துக்குள், திருச்சி கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் மலைக்கோட்டையைச் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அது உள்ளூர் வாத்தியமாகிவிட்டது. அதோடு சேர்ந்து கோட்டையிலிருந்து வந்த மெட்டுகளோ, இன்னமும் பெரும்பாலும் பாட்டு வகுப்புக் குழந்தைகளிடம்தான் இருக்கின்றன.