வேங்கடத்து வேழங்கள் மீண்ட வரலாறு

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று இளமையில் பாடம் கற்றவர்கள் நாம். எல்லையாக நின்ற அம்மலையின் அடிவாரத்திலும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறி, சங்கம் கண்டு, ஆண்டுதோறும் விழாவெடுத்து வருகிறோம். நம்மைப் போலவே தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் எல்லை கடந்து இப்பகுதிக்குக் குடிவந்த மற்றோர் இனம் உண்டு. அதற்குச் சங்கமும் இல்லை, மலரும் இல்லை. அது யானை இனம். அதன் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக எழுதத் துணிந்தேன்.

குடிவந்தது என்று சொல்வதைக் காட்டிலும் மீண்டு வந்தது என்று சொல்வதே பொருந்தும். பழந்தமிழ்ப் பாடல்களில் வேங்கடத்துக் காடு களிறு உலவும் காடாகவே காட்டப்படுகிறது. முதலாழ்வார் மூவருள் ஒருவராகிய பூதத்தாழ்வார், இளமூங்கிற் குருத்தைத் தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு ஊட்டும் களிற்றை இம்மலையில் வைத்துப் பாடினார். பக்தியின் மிகுதியால் புலவர் கற்பனை செய்தார் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. மூங்கிலும் நீரும் உள்ள மலை யானைக்கு உகந்த இடமென்பதைக் காடறிந்தோர் அனைவரும் ஒப்புவர்.

அத்தகைய மலைநாட்டில் யானை அற்றுப்போயிற்று. இன்னின்ன ஆண்டில் கடைசி யானை மடிந்தது என்று குறித்து வைத்தார் எவருமில்லை. ஆயினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் இன்றைய சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் காட்டு யானை இல்லை என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. இதில் ஒரு விந்தையும் உண்டு. காட்டு யானைகளைக் காப்பதற்கென்று சென்னை ராஜதானியில் 1873ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்தியா முழுமைக்குமான சட்டம் அதற்குப் பின்னரே, 1879இல் வந்தது. அன்று சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்து சென்னை ராஜதானிக்குள் அடங்கியிருந்தது. காக்கச் சட்டம் இருந்தது. காக்கப்படுவதற்கு இங்கே யானைதான் இல்லை.

அதன்பின் மனிதர் வகுத்த எல்லைகள் பலமுறை மாறின. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. பெருங் கிளர்ச்சிகளுக்கும் படாஸ்கரின் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வெல்லைகளுக்காக நம் முன்னோர் சிறை புகுந்தனர், ஊர்வலம் நடத்தினர். யானைக்கோ இவற்றில் ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்த எல்லை, தீனி தீருமிடமும் நீர் வற்றுமிடமுமே.

1980களின் நடுப்பகுதியில், ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்தும் கருநாடகத்து ஆனேக்கல், பன்னர்கட்டாக் காடுகளிலிருந்தும் சில யானைகள் புறப்பட்டு, மூன்று மாநிலங்களும் கூடுமிடமான குப்பம் பகுதிக்குள் புகுந்தன. வறட்சியும், காடுகள் துண்டுபட்டுச் சுருங்கியதும் அவற்றைத் துரத்தின என்று சொல்லப்படுகிறது. வந்தவை திரும்பவில்லை. பின்னர் வேறு கூட்டங்களும் வந்து சேர்ந்தன. குட்டிகள் பிறந்தன. குப்பத்துக்கும் பலமநேரிக்கும் இடைப்பட்ட காட்டைக் கவுண்டன்யா வனவிலங்குச் சரணாலயம் என்று 1990 டிசம்பரில் அரசு அறிவித்தது. நம் குடியாத்தத்தின் வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கும் அதே கவுண்டன்யா ஆற்றின் பெயர்தான் அதற்கு இடப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர். 1990களில் சில யானைகள் இன்னும் வடக்கே நடந்து, சாமலைப் பள்ளத்தாக்கு வழியே சேஷாசல மலைகளை அடைந்தன. ஆழ்வார் பாடிய மலையில் மீண்டும் களிறு பிளிறியது. 2003இல் இராயலா யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது.

இக்குடியேற்றத்தைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நேரில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். ஆராய்ந்தோருள் ஒருவரான ஜே. சி. டேனியல், நாகர்கோவிலில் பிறந்து அக்கழகத்தில் பல்லாண்டு தொண்டாற்றிய தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது.

மீண்டு வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் வந்த வீட்டின் நிலை என்ன? கவுண்டன்யாக் காடு நீண்டு குறுகியது. அகலம் இல்லாத காட்டில் எத்திசையில் நடந்தாலும் விரைவில் வயல் வந்துவிடும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். கோடையில் காட்டுப் புல் காய்ந்து கருகும்போது, வேலிக்கு அப்பால் கரும்பும் நெல்லும் கேழ்வரகும் மாவும் விளைந்து நிற்கின்றன. காட்டில் ஒரு பகல் முழுவதும் மேய்ந்து பெறுவதை வயலில் சில நாழிகையில் பெற்றுவிடலாம். பெரிய களிறுகளே இத்துணிவு மிகுந்தவை என்று, சத்தியமங்கலம் பகுதியில் ஆராய்ந்த இராமன் சுகுமார் காட்டியிருக்கிறார்.

இதன் விலையை இரு தரப்பாரும் கொடுத்து வருகின்றனர். கடன் வாங்கிப் பயிரிட்ட குடியானவன் ஓர் இரவில் ஓர் ஆண்டின் உழைப்பை இழக்கிறான். பரண் மீது கண் விழித்தும், தப்பட்டை கொட்டியும், வெடி கொளுத்தியும் காவல் காத்தவருள் உயிரிழந்தோரும் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவராத்திரிக்காகத் தலக்கோணை நோக்கிக் காட்டு வழியே நடந்த பக்தருள் மூவர், அன்னமய்ய மாவட்டத்தில் யானைகளால் மாண்டனர். யானையின் தரப்பிலும் துயரம் குறைவன்று. தாழத் தொங்கும் மின் கம்பியாலும், வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரத்தாலும் பல மடிந்தன. 2023 ஜூன் மாதத்தில் பலமநேரிக்கு அருகே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்தபோது, காய்கறி ஏற்றிச் சென்ற வண்டி மோதி மூன்று யானைகள் ஒருங்கே இறந்தன. அதற்கு முன்னர், 2021 நவம்பரில் கோவைக்கு அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டதையும் மறக்கலாகாது. இருப்புப்பாதை இலாகாவில் ஊழியம் செய்வோர்க்கு அச்செய்தி நெஞ்சைச் சுடுவது. அதன் பின் மதுக்கரைப் பகுதியில் யானை வருகையை முன்னறிந்து எச்சரிக்கும் கருவிகள் 2024 பிப்ரவரியில் நிறுவப்பட்டன என்பது ஓரளவு ஆறுதல்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அகழி வெட்டினர், பாறை நிலத்தில் அது ஆழப்படவில்லை, மண் சரிந்த இடத்தில் யானை இறங்கி ஏறியது. சூரிய மின்வேலி போட்டனர். பேணாத இடத்தில் மரத்தைச் சாய்த்து வேலியை அமுக்கிக் கடக்க யானை கற்றுக்கொண்டது. பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டு விரட்டும் முறையும் உண்டு. 2025 மே மாதத்தில் கருநாடக அரசு கும்கி யானைகளை ஆந்திரத்துக்கு முறைப்படி ஒப்படைத்தது. நதி நீருக்காக வழக்காடும் மாநிலங்கள் யானைக்காகக் கைகோத்தது நல்ல தொடக்கம். எனினும் விரட்டப்பட்ட யானை எங்கே போகும் என்ற வினா நிற்கிறது. ஓர் ஊரிலிருந்து துரத்தினால் அது அடுத்த ஊருக்குப் போகிறது. துன்பம் இடம் மாறுகிறதே அல்லாமல் தீர்வதில்லை.

ஆதலின் ஊராரையே காவலின் நடுநாயகமாக வைத்த இடங்களைப் பார்ப்போம். நம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், ஆனந்த குமார் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் யானை நிற்கும் இடத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் முறையை வளர்த்தனர். விளக்கை ஏற்றுவோர் அவ்வூர் மக்களே. யானையை எவரும் துரத்துவதில்லை. மனிதர் வழி விலகிக்கொள்கின்றனர். உயிர்ச் சேதம் குறைந்தது. இதற்காக அவர்க்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. இலங்கையில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ என்பார், காட்டைச் சுற்றி வேலியிடுவதை விட்டு ஊரையும் வயலையும் சுற்றி வேலியிட்டு, அதை ஊராரே பேணும் முறையை எடுத்துக் காட்டினார். தம் வயலைக் காக்கும் வேலியாதலால் அவர்கள் அதைப் பழுதாக விடுவதில்லை.

கடல் கடந்தும் சான்றுகள் உள. கென்யா நாட்டின் வடக்கே சம்புரு மக்கள், தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்க ரெட்டெட்டி என்னும் காப்பகத்தை 2016 முதல் தாமே நடத்துகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் கூரே வட்டாரத்தில், 1990களின் நடுவில் ஐம்பது ஒட்டகச்சிவிங்கிகளே எஞ்சியிருந்தன. அவை வேலியிட்ட காப்பகத்தில் இல்லை. தினை விளையும் வயல்களுக்கும் குடிசைகளுக்கும் நடுவே வாழ்ந்தன. அவற்றைக் காண வருவோரால் ஊராருக்கும் வருவாய் கிட்டவே, அவர்களே அவற்றுக்குக் காவலாயினர். ஐம்பது இன்று பல நூறாகப் பெருகியிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி சாதுவானது, யானை அப்படியன்று என்பது மெய்யே. ஆயினும் அடிப்படை ஒன்றுதான்: விலங்கால் இழப்பு மட்டுமே அடையும் ஊர் அதைக் காக்காது, இழப்பை உடனுக்குடன் ஈடு செய்து, காவலில் பங்கும் ஊதியமும் தந்தால் அவ்வூரே காக்கும்.

இந்நாட்டில் வேண்டுவதும் அதுவே. பயிர் அழிந்தவனுக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் கையில் சேர வேண்டும். காட்டுத் தடமறிந்த உள்ளூர் இளைஞர்க்கு யானைக் காவலில் நிலையான வேலை வேண்டும். தமிழகம், ஆந்திரம், கருநாடகம் மூன்றும் யானைகளின் நடமாட்டத்தை ஒன்றுக்கொன்று அன்றன்றே தெரிவிக்க வேண்டும்.

நம் சங்கத்தாரும் செய்யக்கூடியவை உண்டு. மலைக் கோயில்களுக்குச் செல்லும்போது இருட்டில் காட்டுப் பாதையில் நடவாதிருப்போம். பலமநேரிச் சாலையில் இரவில் வண்டியை மெல்லச் செலுத்துவோம். யானையைக் கண்டால் படம் பிடிக்க நெருங்காதிருப்போம். மின்வேலித் தீங்கை நிலமுள்ள அன்பர்களிடம் எடுத்துரைப்போம்.

அயலிலிருந்து வந்த நமக்கு இம்மண்ணின் தெலுங்கு மக்கள் இடம் தந்தனர். அவர் மொழியை நாம் கற்றோம். அவரோடு வயலும் வாணிகமும் பகிர்ந்து வாழ்கிறோம். இரு நூற்றாண்டு கழித்துத் தன் பழைய மலைக்குத் திரும்பிய வேழத்துக்கும் ஓரிடம் வேண்டும். அவ்விடத்தைக் கொடுப்பதன் சுமை காட்டோரத்து ஏழைக் குடியானவன் தலையில் மட்டும் விழாதபடி பார்த்துக்கொள்வதே நம் அனைவர் கடமை.

வாழ்க வேங்கடம்! வளர்க நம் சங்கம்!