ஞானஸ்நானப் புத்தகமும் கணினிக் கோப்பும்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடவேண்டியது கல்வெட்டையன்று. பங்குத்தந்தையின் அறையில் இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகத்தையே. திருமணங்களை ஏட்டில் எழுதி வைக்கவேண்டுமெனத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், மரணம் ஆகியவற்றோடு, குடும்பவாரியாக ஆன்மாக்களின் கணக்கையும் எழுதும் முறையை வகுத்துத் தந்தது. நம் நாட்டிலோ பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-இல்தான் வந்தது. நிலபுலமற்ற நம் முன்னோர் பலருடைய பெயர் எழுத்தில் நின்றது இப்புத்தகங்களில்தான் எனலாம்.

இந்த ஜூபிலியை முன்னிட்டு, இளைஞர் சிலரும் அடியேனும் சேர்ந்து அப்பதிவுகளை வம்சாவளி மென்பொருள் ஒன்றில் ஏற்றத் தொடங்கினோம். முதல் இடர் பெயரிலேயே வந்தது. இலத்தீனில் எழுதிய பழைய பதிவில் 'பெத்ருஸ்' என்றிருப்பவர் ஊரில் இராயப்பன். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். பேதுரு என்பதற்கும் பாறை என்றே பொருள். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோசேப்பு நம்மிடம் சூசை. இதெல்லாம் கணினிக்குத் தெரியுமா? பெத்ருஸ் என்று தேடினால் இராயப்பனைக் காட்டாது. புத்தகத்தில் உள்ளபடி ஒரு பெயரும், ஊரார் அழைத்தபடி மறுபெயரும் எழுதி வைத்தோம்.

இரண்டாம் இடர் பெரிது. சவரிமுத்து மகன் அந்தோணிசாமி என்று இருவர், மூன்றாண்டு இடைவெளியில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். இருவரும் ஒருவர்தாமோ என்று மென்பொருள் கேட்டது. தம்பி ஒருவர் யோசியாமல் 'இணை' என்பதை அழுத்திவிட்டார். அச்சமயம் ஒரு திருமணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தாகியிருந்தது. மாப்பிள்ளை குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவர். பெண் நம் ஊர். நாங்கள் அச்சிட்ட குடும்ப மரத்திலோ இருவரும் ஒரே அந்தோணிசாமியின் மகன்வழிப் பேரப்பிள்ளைகள். அதாவது பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும்! அண்ணன் தங்கை முறை என்று ஊர் கூடிவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படியும் இவ்வுறவு பக்கவழியில் நான்காம் படி. விதிவிலக்கு இன்றி மணம் முடிக்க இயலாது. பெண்ணின் தாயார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வழக்கைத் தீர்த்தது புத்தகத்தின் ஓரம். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் திருமணத்தையும் குறிக்கும் கடமை 1908 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் அந்தோணிசாமிக்கு நம் கோவிலில் திருமணம். மற்றவருக்கு மலையில் வேறொரு பெண்ணோடு. ஆட்கள் இருவர் என்பது ஐயமற விளங்கிற்று. மூன்றாம் ஓலையும் வாசித்து மணம் இனிதே முடிந்தது.

ஆனால் கோப்பில் இணைத்ததைப் பிரிக்க எங்களால் முடியவில்லை. முந்திய வாரம் பென் டிரைவில் எடுத்த நகல் ஒன்று கைகொடுத்தது. இடையில் ஏற்றிய பெயர்களையெல்லாம் மறுபடியும் தட்டினோம். அதன்பின் தேதியிட்ட நகல் எடுக்காமல் எவரும் இணைப்பதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் புத்தகத்தின் பக்க எண்ணையும் சேர்க்கிறோம். இடங்களிலும் கவனம் வேண்டியிருந்தது. தேனி மாவட்டம் 1996-இல் பிறந்தது. அதற்கு முந்திய பதிவுக்கு மதுரை மாவட்டம் என்பதே சரி. பீர்மேடு, தேவிகுளம் பக்கம் 1949-க்கு முன் நடந்தவற்றுக்குத் திருவிதாங்கூர் என்று எழுதினோம்.

மென்பொருளும் நிலையானதன்று. 1984-இல் வந்து உலகெங்கும் புழங்கிய 'பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' 2013-இல் நிறுத்தப்பட்டது. ஆதலால் எந்த மென்பொருளும் படிக்கத்தக்க 'ஜெட்காம்' வடிவிலும், யூனிகோடு தமிழிலும் ஒரு பிரதி வைத்துள்ளோம். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் ஒன்று வெறும் கிறுக்கலாகத் திறந்தபோது கற்ற பாடம் இது. உயிரோடிருப்பவர் விவரம் இருப்பதால் இணையத்தில் எதையும் ஏற்றவில்லை. பங்குப் புத்தகங்களைப் படமெடுக்க அமெரிக்க யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்குத் தரவேண்டாமென 2008-இல் உரோமைக் குருக்கள் பேராயம் எழுதியதையும் அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

மலைத் தோட்டங்களில் ஞானஸ்நானம் பெற்றோரின் பதிவுகள்தாம் இன்னும் குறைவாக உள்ளன. பழைய சான்றிதழ் வைத்திருப்போர் ஞாயிறு பூசைக்குப் பின் அலுவலகத்தில் காட்டினால், பார்த்து எழுதிக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.