பறக்கும் டச்சுக்காரர்கள்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வட மாநிலங்களின் படையில், ஜெர்மனியில் பிறந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். இவர்களைப் பற்றி நான் படித்தவரை, ஒரு சாயங்காலம் மற்ற நான்கு வருஷங்களையும் விழுங்கிவிட்டிருக்கிறது. 1863 மே 2, வர்ஜீனியாவில் சான்ஸலர்ஸ்வில்.

படையின் வலது கோடியில் 11ஆவது படைப்பிரிவு. அதில் பாதியளவுக்கு ஜெர்மானிய ரெஜிமெண்டுகள். துப்பாக்கிகளைச் சாத்திவைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டிலிருந்து முதலில் மான்களும் முயல்களும் ஓடிவந்தன; பின்னால் தென்மாநிலத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்ஸனின் பெரும்படை. படைப்பிரிவு சிதறிற்று. ஒஹையோ மாநிலத்து ரெஜிமெண்டுகளும் கூடவே சிதறின. ஆனால் பத்திரிகைகள் கண்டது ஜெர்மானியரை மட்டும்தான். ஜெர்மானியரை டச்சு என்பது அங்கே பழைய வழக்கம், ஹாலந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேய்க்கப்பல் கதையின் பெயரை எடுத்து 'பறக்கும் டச்சுக்காரர்கள்' என்றார்கள்.

வலது பக்கத்தைக் கவனி என்று அன்று காலையே தலைமைத் தளபதி ஹூக்கர் எழுதியிருந்தார். படைப்பிரிவின் தலைவர் ஹோவர்ட் அசையவில்லை. காட்டில் எதிரி நடமாட்டம் என்று வந்த செய்திகளும் அலட்சியம் செய்யப்பட்டன. அணியை மேற்கே திருப்பச் சொல்லி மன்றாடிய கார்ல் ஷூர்ட்ஸ், கடைசியில் தன் பொறுப்பிலேயே சில ரெஜிமெண்டுகளை மட்டும் திருப்பி நிறுத்தினார். இவர் 1848–49இல் ஜெர்மனியில் குடியரசு கேட்டு நடந்த புரட்சி தோற்றபின் தப்பிவந்தவர். பாடன் கலகத்தின் தலைவர் ஹெக்கரும் அன்று அங்கே இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல், குண்டடி பட்டு விழுந்தார். 2 லட்சம் பேரும் இப்படிப்பட்ட கனவோடு வந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள் நிறைய. கூலிக்கு வந்தவனும் வரைபடத்தில் தன்னை எங்கே நிறுத்தினார்களோ அங்கேதான் நின்றான்.

தன் அறிக்கையைப் பிரசுரிக்க ஷூர்ட்ஸ் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. விசாரணை கேட்டார், அதுவும் நடக்கவில்லை. ஹோவர்டுக்கோ 1864 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது, கெட்டிஸ்பர்க் சண்டைக்காக.

அந்தக் கெட்டிஸ்பர்க்கிலும், 1863 ஜூலை 1 அன்று, 11ஆவது படைப்பிரிவு ஊருக்குள் பின்வாங்க நேர்ந்தது. பழைய கேலி மறுபடி கிளம்பிற்று. அதே நாள் முதலாவது படைப்பிரிவும்தான் அந்தத் தெருக்கள் வழியாகப் பின்வாங்கியது. அதற்குப் பட்டப்பெயர் சூட்டவில்லை. ஜெனரல் ஷிம்மல்ஃபென்னிக், இவரும் நாற்பத்தெட்டின் ஆள், ஒரு வீட்டுக் கொல்லையில் பன்றிப்பட்டியருகே இரண்டு நாளுக்கு மேல் ஒளிந்து கிடந்தார். கெட்டிஸ்பர்க் பற்றிய புத்தகங்களில் இந்தக் கதை தவறாமல் வருகிறது, பெரும்பாலும் சிரிப்பதற்காக.