குரலுக்கு ஒரு பெட்டி: ஆடியோ இன்டர்ஃபேஸ் வீட்டுக்கு வந்த வரலாறு

விளம்பரம், ஆவணப்படம், ஒலிப்புத்தகம், கார்ட்டூன் டப்பிங்... எதற்குக் குரல் கொடுப்பதாக இருந்தாலும் ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். இன்று அதே வேலை படுக்கையறையிலேயே நடக்கிறது. ஒரு மைக், ஒரு கணினி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குத்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர்.

பெட்டி செய்வது மூன்று வேலைகள். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அலையைப் பெருக்குவது முதல் வேலை. இதைச் செய்யும் பகுதிதான் ப்ரீஆம்ப். பெருக்கிய அலையைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவது இரண்டாவது. கணினியிலிருந்து வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது மூன்றாவது.

கேட்க எளிமையாக இருந்தாலும் வாங்கப் போகிறவர் குழம்பித்தான் போவார். 48 வோல்ட், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், டைரக்ட் மானிட்டர் என்று அட்டைப்பெட்டி முழுக்க எண்களும் பெயர்களும். இதில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? இதற்கு விளம்பரத்தை விட வரலாறு நல்ல வழிகாட்டி. ஏனென்றால் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பட்டனும் ஏதோ ஒரு காலத்தில் யாருக்கோ வந்த சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. அந்தச் சிக்கல் நமக்கும் உண்டா என்று பார்த்தால் போதும்.

<b>50 டன் எடையுள்ள பெட்டி</b>

ஒலியை எண்களாக மாற்றும் யோசனை கணினிக்கு முன்பே வந்துவிட்டது. 1937-ல் பாரிஸில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒலி அலையின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து அந்த அளவுகளை மட்டும் எண்களாக அனுப்பினால் வழியில் இரைச்சல் சேராது என்று கண்டார். இன்று வரை எல்லா டிஜிட்டல் ஒலிக்கும் அடிப்படை இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த யோசனைக்கு வேலை வந்தது. லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே தலைவர்கள் பேசுவதை ஜெர்மானியர் ஒட்டுக் கேட்காமல் இருக்க, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிக்சாலி என்ற கருவியை உருவாக்கியது. 1943 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியது. ஒரு முனையில் இருந்த கருவியின் எடை மட்டும் சுமார் 50 டன்! லண்டனில் அதை வைக்கக் கிடைத்த இடம் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் நிலவறை. டிஜிட்டல் வழியில் முதலில் பயணம் செய்தவற்றில் மனிதப் பேச்சும் ஒன்று, பாட்டு அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

எண்களாக்கும் வேலை மக்களிடம் வந்து சேர்ந்தது 1982-ல் வெளியான குறுந்தகடு மூலம். நொடிக்கு 44,100 முறை அளப்பது, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுவது என்பது அதன் கணக்கு. வீடியோ உலகம் பின்னாளில் 48,000-ஐத் தரமாக எடுத்துக்கொண்டது.

<b>நார்வேயின் இருட்டும் 48 வோல்ட்டும்</b>

இன்டர்ஃபேஸில் '48வி' என்று ஒரு பட்டன் இருக்கும். அது ஏன் 48? 50 ஏன் இல்லை?

கண்டென்சர் வகை மைக்குகள் வேலை செய்ய மின்சாரம் தேவை. வால்வு காலத்தில் ஒவ்வொரு மைக்குக்கும் தனி மின்பெட்டியும் தடித்த கேபிளும் இருந்தன. டிரான்சிஸ்டர் வந்த பிறகு தேவைப்படும் மின்சாரம் மிகவும் குறைந்தது. 1966-ல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக, ஒலி வரும் அதே கம்பிகள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் முறையை வடிவமைத்தது. நார்வேயில் குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் மிகக் குறைவு. அதனால் அந்த வானொலி நிலையத்தில் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். தனிக் கம்பி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாமல் வருவதால் இதற்கு பாண்டம் பவர் என்று பெயர்.

ஒரு நாட்டு விளக்குகளின் வோல்டேஜ் உலகத் தரமாகிவிட்டது! வணிகவியலில் தரப்படுத்தல் என்று படிப்பதற்கு இது நல்ல உதாரணம். முதலில் வந்தது நிலைத்துவிட்டால் மற்றவர்கள் அதைப் பின்பற்றுவதுதான் லாபம்.

<b>திவாலாகிப் பிழைத்த நிறுவனம்</b>

அடுத்தது ப்ரீஆம்ப். மைக் தரும் மின் அலையை ஆயிரம் மடங்கு வரை பெருக்க வேண்டியிருக்கும். அப்படிப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடக் கூடாது. நல்ல ப்ரீஆம்ப் விலை உயர்ந்ததாக இருந்ததற்கு இதுவே காரணம்.

இந்தத் துறையில் ரூபர்ட் நீவ் என்ற ஆங்கிலேயரின் பெயர் மிகப் பெரியது. அவர் 1985-ல் ஃபோகஸ்ரைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காக அவர் வடிவமைத்த ஐஎஸ்ஏ 110 என்ற ப்ரீஆம்ப் புகழ் பெற்றது. அதை வைத்து ஃபோர்ட்டே என்ற பிரம்மாண்டமான மிக்சிங் மேசையைச் செய்யப் போனார்கள். தரத்தில் குறை இல்லை. ஆனால் செலவு எல்லை மீறியது. இரண்டு மேசைகள் மட்டுமே விற்ற நிலையில் நிறுவனம் மூழ்கியது.

1989-ல் அதன் சொத்துகளை வாங்கியவர் ஃபில் டடரிட்ஜ். ஒரு காலத்தில் லெட் செப்பலின் ராக் குழுவுக்கு ஒலி அமைத்தவர். பிறகு சவுண்ட்கிராஃப்ட் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். பெரிய மேசையை வாங்க நாலு பேர்தான் இருப்பார்கள், ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு சேனலைத் தனிப் பெட்டியாக விற்றால் வாங்குவதற்கு நிறையப் பேர் உண்டு என்ற வழியில் நிறுவனம் நகர்ந்தது. இந்த நகர்வின் பலன் வீட்டுக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முதலில் கணினி தயாராக வேண்டியிருந்தது.

<b>கணினிக்குள் புகுந்த ஒலி</b>

அதே 1989-ல் இரண்டு பொருட்கள் வந்தன. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் டெக்னாலஜியின் சவுண்ட் பிளாஸ்டர் ஒன்று. விளையாட்டுகளுக்காக வாங்கிய அந்த அட்டை சாதாரண கணினிக்கும் மைக் இணைப்பைக் கொண்டு வந்தது. மற்றொன்று கலிஃபோர்னியாவின் டிஜிடிசைன் வெளியிட்ட சவுண்ட் டூல்ஸ். ஆப்பிள் கணினியில் தொழில்முறைத் தரத்தில் ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட உதவியது. 1991-ல் அது புரோ டூல்ஸ் ஆனபோது நான்கு டிராக் கொண்ட அமைப்பின் விலை சுமார் 6,000 டாலர்.

ஒன்று மலிவு, ஆனால் இரைச்சல். கணினிப் பெட்டிக்குள்ளேயே ஒலி அட்டை இருந்ததால் மற்ற பாகங்களின் மின் சலசலப்பு குரலோடு கலந்தது. மற்றொன்று தரம், ஆனால் மாணவரோ தனி நபரோ தொட முடியாத விலை.

அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து குரல் கொடுக்க யாரால் முடிந்தது? ஹாலிவுட் டிரெய்லர்களின் குரலாக இருந்த டான் லாஃபாண்டெய்ன் போன்றவர்களால் முடிந்தது. 2008-ல் மறைந்த அவர் 5,000-க்கும் மேற்பட்ட டிரெய்லர்களுக்குக் குரல் கொடுத்தவர். ஒரே நாளில் பல கூடங்களுக்கு லிமோசின் காரில் போய்க்கொண்டிருந்தார். ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வந்ததும் தன் வீட்டிலேயே கூடம் கட்டி, அங்கிருந்தே குரலை அனுப்பத் தொடங்கினார். வசதி முதலில் வந்து சேர்ந்தது ஏற்கெனவே வசதியாக இருந்தவருக்குத்தான்.

<b>யூஎஸ்பி திறந்த கதவு</b>

கதவைத் திறந்தது யூஎஸ்பி. 1996-ல் முதல் வடிவம் வெளியானது. 1998-ல் ஒலிக் கருவிகளுக்கான பொது விதிமுறை வந்தது. கணினியைத் திறந்து அட்டை செருக வேண்டாம். வெளியில் ஒரு பெட்டி, ஒரே கேபிள், மின்சாரமும் அதன் வழியே. சலசலப்பான இடத்தை விட்டு ஒலி வெளியே வந்துவிட்டது.

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது: தாமதம். குரல் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்போனில் விழச் சில மில்லிசெகண்டுகள் ஆகும். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் பேச்சு தடுமாறும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் 1997-ல் கொண்டு வந்த ஏசியோ என்ற டிரைவர் முறை விண்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைத்தது. இன்னும் எளிய விடை டைரக்ட் மானிட்டர். மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்புவதோடு, அதற்கு முன்பே பிரித்து நேராக ஹெட்போனுக்கும் தருவது.

2002-ல் டிஜிடிசைன் எம்பாக்ஸ் என்ற யூஎஸ்பி பெட்டியை 495 டாலருக்கு வெளியிட்டது. அதில் இருந்த ப்ரீஆம்ப் யாருடையது? ஃபோகஸ்ரைட்! திவாலாகிப் பிழைத்த அந்த நிறுவனம் 2011-ல் தன் பெயரிலேயே ஸ்கார்லெட் 2ஐ2 என்ற சிவப்புப் பெட்டியை 150 டாலர் அளவில் கொண்டு வந்தது. உலகம் முழுவதும் மேசைகளில் அந்தச் சிவப்பு பரவியது. 2014 டிசம்பரில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் ஏஐஎம் பிரிவில் பட்டியலிடப்பட்டது. 2019-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டில் 'ஏர்' என்று ஒரு பட்டன் உண்டு. பழைய ஐஎஸ்ஏ ப்ரீஆம்பின் ஒலிச் சாயலைத் தருவதற்காக வைத்தது அது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்தப் பெட்டிகளின் அருமை தெரிந்தது. கூடங்கள் மூடிக் கிடக்க, குரல் கலைஞர்கள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பினார்கள். பெட்டி இருந்தவருக்கு வேலை தொடர்ந்தது. இல்லாதவருக்கு நின்றது.

<b>சரி, எதை வாங்குவது?</b>

வரலாற்றை வைத்துப் பார்த்தால் குரல் பதிவுக்கு வேண்டியவை சிலவே.

1. ஒரு மைக்குக்கு ஒரு நல்ல ப்ரீஆம்ப் போதும். எட்டு இணைப்புகள் இசைக் குழுவின் தேவை.

2. கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் கட்டாயம். சாதாரண டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. ஆனால் கெயின் அதிகம் வேண்டும். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபல் அளவு கெயின் தேவைப்படும். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 தருவது 56. 2023-ல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2 தருவது 69. ஆகவே முதலில் மைக்கை முடிவு செய்துவிட்டுத்தான் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

3. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். 192 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

4. டைரக்ட் மானிட்டர் இருந்தால் தாமதம் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

5. பொது யூஎஸ்பி விதிமுறைப்படி இயங்குகிறதா, டிரைவர் தொடர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஃபயர்வயர் இணைப்பு உள்ளதை வாங்கினால் செருகக் கணினியில் இடமே இருக்காது. பெட்டியின் பாகங்கள் கெடுவதற்கு முன்பே டிரைவர் காலாவதியாவது இந்தத் துறையில் சகஜம்.

கடைசியாக ஒன்று. 2011-ல் தொடங்கிய ஏசிஎக்ஸ் என்ற ஒலிப்புத்தகத் தளம், பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இன்றைய மலிவான இன்டர்ஃபேஸ் கூட இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டாதது அறைதான். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் ஆட்டோ ஹாரன், வெறும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி. இவற்றை எந்தப் பெட்டியும் எண்களாக மாற்றுமே தவிர நீக்காது.

வணிகவியல் மொழியில் சொன்னால், ஒரு துறையின் நுழைவுத் தடை 6,000 டாலரிலிருந்து 150 டாலருக்கு இறங்கியது. தடை இறங்கினால் உள்ளே வருபவர் கூடுவர், போட்டி கூடும், கூலிக்கு நெருக்கடி வரும். கூடத்தை வைத்திருந்தவர் கையில் இருந்த சாவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதனால் சாவிக்கு இருந்த விலை போய்விட்டது. விலை மிச்சமிருப்பது அமைதியான அறைக்கும் பழகிய குரலுக்கும்தான். எனவே கையில் இருக்கும் பணத்தில் பெட்டிக்கு அளவாகச் செலவழித்து, மீதியை கனமான திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் ஒதுக்குபவரே நல்ல வாங்குநர்.