வாசிப்பு வட்டங்களும் சிந்தாமணிப் பதிப்பும்

முன்னுரை

சீவக சிந்தாமணி முழுவதும் நச்சினார்க்கினியர் உரையுடன் 1887ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பெற்றது. மறைந்து கிடந்த காப்பியத்தைத் தனியொருவர் மீட்டெடுத்த நிகழ்வாகவே இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இதனைக் குறிப்பிடுகின்றன. ஐயரின் உழைப்பு ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும், சிந்தாமணி எவரிடமிருந்து மறைந்திருந்தது என்னும் வினா எழுப்பப்பட வேண்டியதாகும். தனித்தனியே இயங்கிவந்த வாசிப்பு வட்டங்கள், தாம் படித்தவற்றையும் அவை பற்றிய கருத்துகளையும் ஒன்றோடொன்று பகிர்ந்துகொண்டதன் பயனே அப்பதிப்பு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கின்றது. ஐயரின் ‘என் சரித்திரம்’ இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

மடம் சார்ந்த வாசிப்பு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) ஐயர் 1871 முதல் பாடம் கேட்டார். மாணாக்கர் செய்யுளைப் படிக்க, ஆசிரியர் பொருள் விரிப்பது அன்றைய முறை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் ஆகியவை அப்பாடத்திட்டத்தில் பேரிடம் பெற்றன. சிந்தாமணி அதில் இடம்பெறவில்லை. இதனை அறியாமையின் விளைவு என்று மட்டும் கொள்வதற்கில்லை. சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததாகவும், அதனை மாற்றவே சேக்கிழார் தொண்டர் வரலாற்றைப் பாடியதாகவும் உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் கூறுகின்றது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சுவாமிநாத தேசிகர், தம் இலக்கணக்கொத்தில், சிந்தாமணியையும் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றையும் கற்பதில் வாழ்நாளைக் கழிப்போரைக் கடிகின்றார். எதைப் படிக்க வேண்டும் என்பது குறித்த வலுவான கருத்து அம்மரபில் நிலவியது என்பதற்கு இவை சான்றுகளாகும். அதே ஆதீனத்தின் ஏட்டுச் சுவடிகளிலிருந்தே ஐயர் பின்னர்ச் சங்க நூல்களைக் கண்டெடுத்தார். ஏடு பேணப்பட்டது, வாசிப்பு நின்றது. நூல் இருத்தலும் நூல் படிக்கப்படுதலும் வெவ்வேறு என்பது இதனால் பெறப்படும்.

குடந்தை உரையாடல்

ஐயர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அரியலூரிலிருந்து மாற்றலாகி முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்துள்ளார் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற சிற்றிலக்கியங்களை அடுக்கினார். பின்னர் நைடதம், கம்பராமாயணம் முதலியவற்றையும் குறிப்பிட்டார். எதற்கும் வியப்புக் காட்டாத முதலியார், சிந்தாமணி, மணிமேகலை போன்றவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியையும் பின்னர் ஐயரிடம் அளித்தார்.

இப்பகுதி 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த தன்வரலாற்றில் இடம்பெறுவது. நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டு இடைவெளி உண்டு. உரையாடலின் கட்டமைப்பில் பிற்காலப் பதிப்பு வெற்றியின் சாயல் படிந்திருக்கக்கூடும். எனினும், ஐயர் தரும் நூற்பட்டியல் அக்காலப் புலமை மரபோடு முற்றும் பொருந்துவதால் அதன் சான்றுமதிப்புக் குறைவதில்லை. ஒரே மொழியில் தேர்ந்த இருவரின் நூற்பட்டியல்கள் பெரிதும் வேறுபட்டிருந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. முதலியாரும் சிந்தாமணியை முழுதுணர்ந்தவர் அல்லர். ஐயருடன் சேர்ந்து படிக்கவே அவர் விரும்பினார்.

சமண இல்லங்கள்

படிக்கத் தொடங்கிய இருவருக்கும் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. விளக்கம் தேடிய ஐயர், குடந்தையில் வாழ்ந்த சமணர்களை நாடினார். ஓர் இல்லத்தில், சில திங்களாக நடந்துவந்த சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவெய்தியதை விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். கல்லூரித் தமிழாசிரியர் கண்டிராத காப்பியம், அதே ஊரில் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்தது. அவ்வட்டத்தாரிடம் கேட்டறிந்தவையே சிந்தாமணியின் சமயப் பகுதிகளுக்கு விளக்கமாயின. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை வகுத்தார் என்னும் செவிவழிச் செய்தி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒரே வாயிலைத் தட்ட நேர்ந்தது.

உரையாசிரியரின் நூற்பட்டியல்

நச்சினார்க்கினியர் பல இடங்களில் நூற்பெயர் சுட்டாமலே மேற்கோள் காட்டிச் செல்கின்றார். தம் காலத்துக் கற்றோர் அவ்வடிகளை எளிதில் இனங்காண்பர் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படையாகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பொது வாசிப்பு கலைந்துவிட்டமையால் மேற்கோள்கள் புதிராயின. அவற்றின் மூலம் தேடிய முயற்சியே ஐயரைப் பத்துப்பாட்டுக்கும் (1889) புறநானூற்றுக்கும் (1894) இட்டுச் சென்றது. அவ்வகையில் சிந்தாமணி உரை, மறைந்துபோன ஒரு வாசக சமூகத்தின் நூற்பட்டியலாகவும் விளங்குகின்றது.

மதிப்பீடு

முதலியாரின் கருத்து இலக்கிய வரலாற்றில் மற்றொரு விளைவுக்கும் துணைநின்றது. காப்பியமும் சங்கப் பாடலும் உயர, சிற்றிலக்கியங்கள் பயனற்றவை என்னும் எண்ணம் பரவலாயிற்று. ஒரு வட்டத்தின் விலக்கை நீக்கிய கருத்து, மற்றொரு விலக்குக்கு வழிகோலியது எனலாம். ஐயர் இதற்கு உடன்படவில்லை என்பதை அவர்தம் பதிப்புப் பணி காட்டும். ஆசிரியரின் பிரபந்தங்களைத் திரட்டி வெளியிட்டதோடு தூது, உலா, கோவை முதலியவற்றையும் அவர் தொடர்ந்து பதிப்பித்தார். தாம் புதிதாக அறிந்ததற்காக முன்பு கற்றதை அவர் கைவிடவில்லை.

முடிவுரை

சிந்தாமணி தமிழ்நாட்டில் மறைந்திருக்கவில்லை. சில வட்டங்களுக்கு மட்டுமே மறைந்திருந்தது. ஏடு ஓரிடத்தும், ஆர்வம் வேறோரிடத்தும், பொருளறிவு பிறிதோரிடத்தும் இருந்தன. என்ன படித்தீர் என்று ஒருவர் கேட்டதும், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் மற்றவர் சென்று கேட்டதும் இம்மூன்றையும் இணைத்தன. எனவே, பதிப்பு வரலாற்றை எழுதுவோர் ஏடுகளின் வழித்தடத்தோடு வாசகரின் வழித்தடத்தையும் ஆராய்தல் வேண்டும். சமண இல்லங்களில் சிந்தாமணியைப் படித்தும் கேட்டும் காத்துவந்தோருக்கும் அவ்வரலாற்றில் உரிய இடம் உண்டு.